கைவிளக்கும் கலங்கரை விளக்கமும்

இரவில் வெளியே புறப்படும்போது நாம் கையில் எடுத்துக்கொள்ளும் டார்ச்சு விளக்கைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். அது சிறிய பொருள். ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் உள்ள பொருள். ஆயினும் அதை வாங்கும்போது நாம் கேட்பது ஒரே கேள்விதான். "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்று கேட்கிறோம். கடைக்காரரும் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைச் சுட்டிக்காட்டுகிறார். எண் பெரியதாக இருந்தால் மனநிறைவோடு வாங்கி வருகிறோம். எதைக் காண்பதற்கு இந்த விளக்கு என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே.

மாணவர்களாகிய உங்களில் சிலர் கைவிளக்கு ஒன்றைத் தாமே செய்து பார்க்க விரும்பலாம். அது கடினமான வேலை அன்று. ஒரு மின்கலம், ஒரு பொத்தான், ஓர் உலோகக் கூடு ஆகியவை எளிதில் கிடைப்பன. தேர்ந்தெடுப்பதில் அறிவு வேண்டியவை இரண்டே உறுப்புக்கள். ஒளியைப் பிறப்பிக்கும் ஒளியுமிழி ஒன்று. பிறந்த ஒளியைத் திரட்டி அனுப்பும் குழியாடி மற்றொன்று. இவ்விரண்டின் உறவை அறிந்துகொள்ள நமக்கு அருகிலேயே ஒரு பேருருவச் சான்று நிற்கிறது. அதுதான் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம்.

கடலில் வரும் கலங்களை ஒளி காட்டிக் கரைக்கு அழைக்கும் வழக்கம் தொண்டைநாட்டில் மிகப் பழையது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, துறைமுகத்தில் உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் எரியும் விளக்கைப் பற்றிக் கூறுகிறது. மாமல்லபுரத்தில், மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் ஓலக்கண்ணேசுவரர் கோயில் என்னும் பல்லவர் காலத்துக் கற்றளி ஒன்று உண்டு. பிற்காலத்தில் அக்கோயிலின் மேல்தளமே விளக்கேற்றும் இடமாகப் பயன்பட்டது. அதன் அருகே கல்லால் கட்டிய வட்டக் கோபுரத்தில் 1904 முதல் விளக்கு எரிந்துவருகிறது.

கலங்கரை விளக்கம் கட்டியவர்கள் எதிர்கொண்ட சிக்கல் யாது? தீ எல்லாத் திசைகளிலும் ஒளி வீசுகிறது. வானத்தை நோக்கிச் செல்லும் ஒளியாலும், நிலத்தை நோக்கிச் செல்லும் ஒளியாலும் மாலுமிக்குப் பயன் இல்லை. கடலின் விளிம்பை நோக்கிச் செல்லும் மெல்லிய கற்றை மட்டுமே அவனுக்கு வேண்டும். ஆகவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டார் எண்ணெய் விளக்கின் பின்னே பரவளைய வடிவுள்ள குழியாடிகளை வைத்தனர். பின்னர் 1823இல் பிரெஞ்சு அறிஞர் அகுஸ்தேன் ஃபிரெனெல், வளையம் வளையமாக வெட்டிய கண்ணாடி வில்லை ஒன்றைப் பிரான்சு நாட்டுக் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் பொருத்தினார். பழைய விளக்குகளைவிட மிகத் தொலைவிலிருந்து அதன் ஒளி தெரிந்தது. ஒளிமூலத்தை மிகுதியாக எரிப்பதைவிட அதன் ஒளியை நெறிப்படுத்துவதே சிறந்தது என்ற உண்மையை உலகம் அன்று நன்கு உணர்ந்தது.

ஆனால் கலங்கரை விளக்கத்துக்கும் நம் கைவிளக்குக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கலங்கரை விளக்கம் பிறர் தன்னைக் காண்பதற்காக எரிகிறது. அதன் ஒளி ஒருவழிப் பயணம் செய்தால் போதும். கைவிளக்கோ நாம் பிறவற்றைக் காண்பதற்காக எரிகிறது. அதன் ஒளி பொருளின்மேல் விழுந்து, அங்கே சிதறி, அச்சிதறலில் ஒரு சிறு பகுதி நம் கண்ணுக்குத் திரும்பி வரவேண்டும். ஆதலால் ஒளி எங்கே விழுகிறது, எவ்வளவு அகலத்தில் விழுகிறது, என்ன நிறத்தோடு விழுகிறது என்பவை எல்லாம் இங்கே இன்றியமையாதவை ஆகின்றன.

இனி ஒளியுமிழியை நோக்குவோம். பழைய டார்ச்சுகளில் நுண்ணிய கம்பியுள்ள சிறு பல்பு இருந்தது. இன்று அதன் இடத்தை எல்.இ.டி. பிடித்துக்கொண்டது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைத் திறம்பட உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, இரோஷி அமானோ, சூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைப் பூசினால், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. நம் கைவிளக்கின் வெள்ளொளி இவ்வாறு பிறப்பதே. பல்பு நாற்புறமும் ஒளி வீசியது. எல்.இ.டி.யோ ஒரு தட்டையான சிறு சதுரம்; தன் முன்புறம் மட்டுமே ஒளி வீசுகிறது. நேர் முன்னே மிகுதியாகவும், பக்கங்களில் படிப்படியாகக் குறைந்தும் வீசுகிறது.

அந்தச் சதுரத்தின் முன்னே குழியாடியை வைக்கிறோம். கிண்ணம் போன்ற அதன் அடியில் உள்ள துளையில் ஒளியுமிழி அமர்கிறது. இப்போது ஒளி இரண்டாகப் பிரிகிறது. ஆடியில் படாமல் வாய்வழியே நேராக வெளியேறுவது ஒரு பகுதி. இதனைச் சிதறொளி எனலாம். ஆடியின் சுவரில் பட்டு, திரும்பி, இணைகதிர்களாக வெளியேறுவது மற்றொரு பகுதி. இது கற்றை ஒளி.

எவ்வளவு சிதறொளி, எவ்வளவு கற்றை? ஆடியின் ஆழமே இதைத் தீர்மானிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. ஆடியின் வாய் 20 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்று கொள்வோம். ஒளியுமிழியிலிருந்து வாய் 10 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தால், ஒளியில் பாதி நேராக வெளியேறிவிடும்; பாதியே ஆடியில் படும். அதே வாயுடைய ஆடியை ஆழமாக்கி, அத்தொலைவை 20 மில்லிமீட்டர் ஆக்கினால், ஐந்தில் ஒரு பங்கே நேராக வெளியேறும்; ஐந்தில் நான்கு பங்கு ஆடியில் பட்டுக் கற்றையாகிவிடும். திரிகோணமிதி கற்ற மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இத்தகைய தட்டை உமிழிகளுக்கு, விளிம்பு நோக்கும் கோணத்தின் சைன் மதிப்பை வர்க்கப்படுத்தினால் சிதறொளியின் பங்கு கிடைக்கும்.

கற்றையின் அகலம் வேறொன்றைப் பொறுத்தது. ஒளியுமிழி ஒரு புள்ளியாக இருந்தால் கற்றை விரியவே விரியாது. ஆனால் அது புள்ளி அன்று; அகலம் உடையது. அந்த அகலத்தை ஆடியின் விளிம்புவரை உள்ள தொலைவால் வகுத்தால், விளிம்பிலிருந்து வரும் கற்றையின் விரிவு தெரியும். நம் ஆழமான ஆடியில் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள உமிழியை வைத்தால் விரிவு ஏறத்தாழ 5 பாகை. 4 மில்லிமீட்டர் உமிழியை வைத்தால் 10 பாகை. சிறிய உமிழி கூரிய கற்றையும், பெரிய உமிழி பருத்த கற்றையும் தரும்.

இங்கேதான் பலரும் வியக்கும் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. ஒரே ஆடியில், இரு மடங்கு பரப்புள்ள உமிழியை வைத்து இரு மடங்கு மின்சாரம் செலுத்தினால், மொத்த ஒளி இரு மடங்கு ஆகும். ஆனால் விளக்கு முன்னைவிடத் தொலைவாக அடிக்காது! ஏனெனில் கற்றையின் நடுவே உள்ள ஒளிச்செறிவு இரண்டே அளவுகளின் பெருக்கம். உமிழியின் மேற்பரப்பு எவ்வளவு கூசும்படி ஒளிர்கிறது என்பது ஓர் அளவு. ஆடியின் வாய் எவ்வளவு பரப்புடையது என்பது மற்றோர் அளவு. பரப்பு மட்டும் பெருகிய உமிழி, கற்றையைப் பருமனாக்குமே தவிர நீளமாக்காது. மாறாக, ஆடியின் விட்டத்தை இரு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகி, ஒளிச்செறிவும் நான்கு மடங்காகும்.

ஒளிச்செறிவை அளக்கும் அலகு கேண்டிலா. மொத்த ஒளியை அளக்கும் அலகு லூமென். பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் லூமென் எண்ணே. தூரம் அறிய வேண்டுமானால் கேண்டிலாவைப் பார்க்கவேண்டும். முழுநிலவின் ஒளி நிலத்தில் ஏறத்தாழ கால் லக்ஸ் அளவு விழுகிறது. ஒரு விளக்கு அந்தக் கால் லக்ஸைத் தரும் எல்லையையே அதன் வீச்சுத் தொலைவு என்று உற்பத்தியாளர்கள் குறிக்கின்றனர். 2,500 கேண்டிலா விளக்கின் வீச்சு 100 மீட்டர். 10,000 கேண்டிலா விளக்கின் வீச்சு 200 மீட்டர். செறிவு நான்கு மடங்கானால்தான் தூரம் இரு மடங்காகிறது. மேலும், அந்த எல்லையில் கிடைப்பது நிலவொளியே. நூல் படிக்கும் ஒளி அன்று.

இந்த அறிவை எடுத்துக்கொண்டு செங்கற்பட்டு மாவட்டத்தின் இரவுக்குள் நடந்து பார்ப்போம்.

முதலில் கடற்கரை. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீனவர் குப்பங்கள் பல உள்ளன. கரையில் நிற்கும் ஒருவர் அலைகளுக்கு அப்பால் வரும் படகை அடையாளம் காண விரும்புகிறார். அவருக்கு வேண்டியது கூரிய கற்றை. ஆகவே சிறிய, மிகவும் பிரகாசமான உமிழியும், வழவழப்பான, ஆழமும் அகலமும் உள்ள ஆடியும் தக்கவை. உமிழியின்மேல் சிறு கண்ணாடிக் குமிழ் போன்ற மூடி இருந்தால் அது உமிழியைப் பெரிதாகக் காட்டும். ஆதலால் மூடியில்லாத உமிழியே இவருக்கு ஏற்றது. இவ்விளக்கு சட்டைப்பைக்குள் அடங்கவில்லை என்று அவர் குறை கூறக்கூடாது. தூரம் வேண்டுவோர் ஆடியின் அகலத்தால் விலை கொடுத்தே தீரவேண்டும்.

அடுத்து, ஏரிக்கரையும் வயல்வரப்பும். செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த பூமி. நெல் விளையும் பூமி. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொள்ளும் பாம்புகள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர்! இவர்களில் பெரும்பாலோர் நாட்டுப்புற மக்கள்.

வரப்பின்மேல் நடப்பவர் கையில் அந்தக் கடற்கரை விளக்கைக் கொடுத்துப் பாருங்கள். 3 மீட்டர் முன்னே அதன் 5 பாகைக் கற்றை விழும் வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர்; ஒரு சாணுக்குச் சற்று மிகுதி. அந்தச் சாண் அகலத்தில் கண்கூசும் வெளிச்சம்; அதற்கு வெளியே மங்கல். கூசிய கண்ணுக்கு அம்மங்கல் முழு இருளாகவே தோன்றும். பாம்போ அந்த வட்டத்துக்குள் வந்து படுப்பதாக நமக்கு வாக்களிக்கவில்லை. இருநூறு மீட்டர் அடிக்கும் விளக்கை வைத்துக்கொண்டே, இரண்டடி தள்ளிக் கிடக்கும் கண்ணாடிவிரியனை மிதிக்க நேரலாம்.

அவருக்கு வேண்டியது பரந்த ஒளி. பெரிய உமிழியும் ஆழமற்ற ஆடியும் கொள்க. ஆடியின் உட்புறம் கமலாப்பழத் தோலைப்போல் நுண்ணிய மேடுபள்ளம் உடையதாக இருந்தால், கற்றையின் விளிம்பு மழுங்கி, ஒளி ஒரே சீராகப் பரவும். 100 லூமென் ஒளியை 90 பாகைக் கூம்பில் சமமாகப் பரப்பினால், இழப்புக்களை நீக்கி, 3 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 6 லக்ஸ் கிடைக்கும். இது முழுநிலவின் ஒளியைப்போல் இருபது மடங்குக்கு மேல். விழும் அகலமோ 6 மீட்டர். வரப்பும், அதன் இருபுறத்துப் புல்லும், அடுத்து வைக்கும் அடியும் ஒருங்கே தெரியும். நடப்பதற்கு ஆயிரம் லூமென் வேண்டுவதில்லை.

நிறமும் இங்கே உயிர்காக்கும். கண்ணாடிவிரியன் பழுப்பு, உலர்ந்த சருகும் பழுப்பு. ஒரு பழுப்பிலிருந்து மற்றொரு பழுப்பைப் பிரித்துக் காட்ட, ஒளியில் சிவப்பு உள்ளிட்ட எல்லா நிறங்களும் போதுமான அளவு இருக்கவேண்டும். மலிவான எல்.இ.டி.களின் நீலம் பாய்ந்த வெள்ளொளியில் சிவப்புக் குறைவு. நிறங்களை உள்ளவாறு காட்டும் திறனை 100க்கு இவ்வளவு என்று எண்ணால் குறிப்பர். 70 உள்ள உமிழியைவிட 90 உள்ளது சற்றுக் குறைந்த லூமெனையே தரும். ஆயினும் வரப்புக்கு அதையே தேர்ந்துகொள்ளுங்கள்.

விளக்கைப் பிடிக்கும் முறையும் ஒரு கலையே. மாமல்லபுரத்துப் பாறைகளில் தேய்ந்துபோன எழுத்துக்களைப் படிக்க விரும்புவோர் விளக்கை நேரே காட்டுவதில்லை. பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுவர். அப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். தரையும் அவ்வாறே. விளக்கை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால், சருகின்மேல் சுருண்டு கிடக்கும் உடலின் நிழல் அதைக் காட்டிக்கொடுக்கும். நெற்றியில் கட்டும் விளக்கில் இந்நன்மை குறைவு. நெற்றி விளக்குக்கு வேறொரு சிறப்பு உண்டு. முதலையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், நம் கண்ணருகே விளக்கு இருக்கும்போது அதன் கண் தீக்கங்குபோல் மின்னும். பாம்பின் கண்ணில் அத்தகைய படலம் இல்லை. ஆகவே கண் மின்னும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார்.

தரையை நோக்கும் திறனில் நம் மாவட்டத்து இருளர் மக்கள் பெயர் பெற்றவர்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், முறிமருந்து செய்வதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருகிறது. இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மண்ணில் பதிந்த தடத்தையும், வளையின் வாயில் கிடக்கும் சட்டையையும் கண்டு பாம்பின் இருப்பிடம் அறியும் அவர்களுடைய அறிவு எந்த விளக்கிலும் இல்லை. விளக்கு கண்ணுக்குத் துணை. கண்ணோ பழக்கத்தால் கூர்மை பெறுவது. கடி நேர்ந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்வதே வழி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு பயணம். தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமைகள் இந்தக் கடற்கரை மணலில் ஏறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள். ஏழு வாரம் அளவில் வெளிவரும் குஞ்சுகள் இருளில் ஒளி மிகுந்த பக்கத்தை நோக்கி ஊர்கின்றன. மனிதன் விளக்கேற்றாத காலத்தில் ஒளி மிகுந்த பக்கம் கடலின் விளிம்பே. இன்றோ சாலை விளக்கும் விடுதி விளக்கும் அவற்றை நிலத்தின் பக்கம் இழுத்துவிடுகின்றன. 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவருகின்றனர். உங்களைப் போன்ற மாணவர்களே அவர்கள்.

இப்பணிக்கு எத்தகைய விளக்கு வேண்டும்? கூரிய கற்றை வேண்டாம். பரந்த வெள்ளொளியும் வேண்டாம். மிக மங்கலான சிவப்பு உமிழியே தக்கது. அதுவும் தேவையான நொடிக்கு மட்டும். வெள்ளொளியைவிடச் சிவப்பொளி ஆமைகளைக் குறைவாகவே ஈர்க்கிறது. நமக்கும் அதனால் நன்மை உண்டு. நம் கண் இருளுக்கு முழுவதும் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகிறது. வெள்ளொளி பட்டால் அப்பழக்கம் நொடியில் கலையும். மங்கலான சிவப்பொளியில் பெரிதும் கலையாது.

தேர்ந்த உறுப்புக்களைப் பொருத்தும்போது சில எச்சரிக்கைகள். உமிழி ஆடியின் நடுவே, சரியான குவியத்தில் அமரவேண்டும். சற்று விலகினாலும் வெளிச்ச வட்டத்தின் நடுவே கரும்பொட்டுத் தோன்றும். ஆடி உலோகமானால், மின்கசிவைத் தடுக்க உமிழியைச் சுற்றி மெல்லிய காப்பு வளையம் வைக்கவேண்டும். உமிழியில் செலுத்தும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் ஒளி குன்றும், உமிழி கெடும். ஆகவே உமிழியைச் செப்புத் தகட்டில் பதித்து, அத்தகட்டை உலோகக் கூட்டோடு நெருங்கப் பொருத்துக. ஆடியின் உட்புறத்தை விரலால் தொடாதீர்கள். அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. உப்புக்காற்று வீசும் நம் கரையில் வாய்க் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் வளையம் இன்றியமையாதது. மின்கலத்தையும் மறவாதீர்கள். 18650 எனப்படும் லித்தியம் கலம் ஒன்றில் ஏறத்தாழ 10 வாட்-மணி ஆற்றல் உண்டு. 1 வாட் அளவில் எரித்தால் அது ஓர் இரவு முழுதும் உழைக்கும். 10 வாட்டில் எரித்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாதி வழியில் அணைந்துவிட்ட பேரொளியைவிட, வீடு வரை வரும் சிற்றொளியே மேல்.

செய்து முடித்த விளக்கைச் சோதிப்பது எளிது. இருட்டறையில் 5 மீட்டர் தொலைவில் கற்றையின் நடுவே லக்ஸ் மானியை வைத்து, வந்த எண்ணை 25ஆல் பெருக்குங்கள், அதுவே கேண்டிலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வீச்சுத் தொலைவு மீட்டரில் கிடைக்கும். ஆனால் சுவரில் சோதித்ததோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பழுப்புக் கயிற்றைச் சருகுக்கிடையே நண்பர் ஒருவர் மறைத்து வைக்கட்டும். நீங்கள் விளக்கோடு நடந்து வந்து, எத்தனை அடி முன்னே அதைக் கண்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஒளியுமிழி, எந்த ஆடி நல்லது என்பதற்கு அந்தக் கயிறு தரும் சான்றைவிட நேர்மையான சான்று வேறில்லை.

குன்றின்மேல் கோபுரம் எழுப்பியவர்கள், கடலில் வரும் மாலுமி எங்கே இருப்பான் என்பதை முதலில் எண்ணினார்கள். பிறகே விளக்கை அமைத்தார்கள். நம் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு விளக்குக்கும் அம்முறையே பொருந்தும். காணவேண்டிய பொருள் படகா, பாம்பா, ஆமைக்குஞ்சா என்று முதலில் முடிவு செய்யுங்கள். உமிழியின் அளவும், ஆடியின் ஆழமும், ஒளியின் நிறமும் அதன்பின் தாமே விளங்கும். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படிப்பதற்கு முன், நீங்கள் இரவில் நடக்கும் வழியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.